கட்டிலடியா, டிரைவர் முதுகா?

மே 25, 2025, ஞாயிறு. கரமனை, திருவனந்தபுரம்

பருவமழை நேற்றே வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு கேரளத்தில் இத்தனை முன்கூட்டித் தொடங்கியது இந்த ஆண்டுதான் என்கிறார்கள். வெளியே போக வழியில்லை, வண்டிக்குள் போய் உட்கார்ந்தோம். ஊர் ஊராகப் பார்சல் சுமந்து ஓய்ந்த பழைய டிராவலர் டெலிவரி வேன். உள்ளே சீட்டு கிடையாது, மூன்று பக்கமும் தகரம். இதற்குள் ஒரு கட்டில், ஒரு சமையல் மேடை, ஒரு தண்ணீர் டேங்க், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேர் அடங்க வேண்டும்.

பாடி கட்டுபவர் வரைபடம் கேட்கிறார். கொடுத்தே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிச் சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதனால் இப்போதைக்கு எங்கள் கையில் ஸ்பேனர் இல்லை. பென்சிலும் இன்ச் டேப்பும்தான்.

கட்டில், மேடை, டேங்க் மூன்றுக்கும் ஒரு மணி நேரத்தில் இடம் கிடைத்துவிட்டது. இன்வெர்ட்டரில் வந்து நின்றுவிட்டோம். “கட்டிலடியில் தள்ளிடலாம்” என்கிறார் என் வீட்டுக்காரர். வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே, பழைய பேப்பர் கட்டுக்கும் செருப்புக்கும் நடுவே பதினைந்து வருஷமாகக் கிடக்கிறது. கரன்ட் போனால் மட்டும் நினைவுக்கு வரும் சாமான். அதே பழக்கத்தில் இங்கும் ஒரு மூலை தேடுகிறார். எனக்கு டிரைவர் சீட்டின் பின்பக்கம் நல்ல இடமாகத் தெரிகிறது. காரணம் கேட்டார். கை எட்டும் என்றேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

மே 29, வியாழன்

வேளி, கொச்சுவேளிக் கரைகளில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியிருக்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் 25-ஆம் தேதி மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் சரக்கு. இந்த வருஷம் கடற்கரையில் வண்டியை நிறுத்தித் தூங்கும் ஆசையை ஒத்திவைக்க வேண்டியதுதான்.

இன்று கணக்கு. இடம் பார்க்குமுன் இன்வெர்ட்டர் எவ்வளவு பெரியது என்று முடிவாக வேண்டும். அதற்குமுன் எதற்காக இன்வெர்ட்டர் என்று முடிவாக வேண்டும். விளக்கு, மின்விசிறி, போன் சார்ஜர், சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் எல்லாமே 12 வோல்ட்டில் நேராக ஓடுபவை கிடைக்கின்றன. அவற்றை 230-க்கு ஏற்றி மறுபடி இறக்குவது வீண் செலவு. மிஞ்சியது லேப்டாப்பும் மிக்ஸியும். அவருக்கு இன்டக்‌ஷன் அடுப்பும் வேண்டும்.

2000 வாட் இன்டக்‌ஷனை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்துச் சுமார் 185 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டின் மெயின் எம்.சி.பி.யே 32 ஆம்பியர்தான். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி. முழுச் சூட்டில் அடுப்பை வைத்தால் அரை மணி கடந்து கொஞ்ச நேரத்தில் பேட்டரி காலி. சோறு வெந்திருக்கும், இரவுக்கு விசிறி ஓடாது. காகிதத்தை நீட்டினேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, “சரி, கேஸே இருக்கட்டும்” என்றார். கணவரை வெல்வதற்காகவாவது பிசிக்ஸ் டீச்சராக இருக்கலாம்.

மிக்ஸியின் கணக்கு வேறு மாதிரி. 750 வாட், மூன்று நிமிஷம் தேங்காய்ச் சட்னி: சுமார் 3 ஆம்பியர்-மணி. ஒன்றுமே இல்லை. ஆனால் சட்னி அரைத்துவிட்டு இன்வெர்ட்டரை அணைக்க மறந்து தூங்கினால்? சும்மா விழித்திருப்பதற்கே 10 வாட் தின்கிற மாதிரிகள் சாதாரணம். விடியும்போது 7 ஆம்பியர்-மணி போயிருக்கும், சட்னியைப் போல இரண்டு மடங்கு. ஆக, எங்கே வைத்தாலும் அதன் சுவிட்ச் கட்டிலில் படுத்தபடி எட்ட வேண்டும். ரிமோட் சுவிட்ச் உள்ள மாதிரியாகப் பார்க்க வேண்டும். அளவு 1000 வாட், சுத்தமான சைன் வேவ். மலிவான சதுர அலைக்காரனில் மிக்ஸி மோட்டார் உறுமும், சூடேறும்.

ஜூன் 3, செவ்வாய்

களியக்காவிளையிலிருந்து எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். வீட்டு வயரிங்கும் செய்வார், லாரி வயரிங்கும் செய்வார். இரண்டும் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம். என் வரைபடத்தில் பேட்டரி பின்னால் கட்டிலடியில், இன்வெர்ட்டர் முன்னால் டிரைவர் முதுகில். இடையே நான்கு மீட்டர். அவர் பார்த்தார், சிரிக்கவில்லை, அது அவர் மரியாதை.

“டீச்சரே, இந்த நாலு மீட்டருல எந்தக் கரன்ட் ஓடுது? பன்னெண்டு வோல்ட்டா, இருநூத்தி முப்பதா? அதத்தான் மொதல்ல பாக்கணும் பாத்துக்கிடுங்க.”

போட்டுப் பார்த்தோம். 1000 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 100 ஆம்பியர். 35 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் மீட்டருக்கு அரை மில்லி ஓம். போக நான்கு மீட்டர், வர நான்கு. மொத்தம் 4 மில்லி ஓம். 0.4 வோல்ட் வழியிலேயே விழும், 40 வாட் கேபிளைச் சூடாக்கப் போகும். மிக்ஸி கிளம்பும் நொடியில் இழுப்பு இரண்டு மடங்காகும், 0.8 வோல்ட் விழும். பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கும்போதே இன்வெர்ட்டர் ‘லோ பேட்டரி’ என்று கத்தி நின்றுவிடலாம். புதுப் பேட்டரியைக் குறை சொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.

அதே நான்கு மீட்டரை 230 வோல்ட் பக்கம் கொடுத்தால் ஓடுவது நாலரை ஆம்பியருக்கும் கீழே. வீட்டில் போடும் சாதாரண 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போதும். இழப்பு ஒரு வாட். நாற்பதுக்கு ஒன்று! முப்பது வருஷம் கரும்பலகையில் ஐ ஸ்கொயர் ஆர் எழுதியிருக்கிறேன். பவர் ஹவுஸிலிருந்து ஊருக்கு ஏன் உயர் அழுத்தத்தில் அனுப்புகிறார்கள் என்ற ஐந்து மார்க் கேள்வியும் இதுவேதான். ஒரு டெலிவரி வேனுக்குள் அது இத்தனை கறாராக இருக்கும் என்று தோன்றியதில்லை.

தடித்த கேபிள் குட்டையாக இருக்க வேண்டும். நீள வேண்டியது மெல்லிய ஒயர். அப்படியானால் இன்வெர்ட்டருக்கு இடம் தேடும் கேள்வியே கிடையாது. பேட்டரி எங்கேயோ அதன் ஒரு மீட்டருக்குள் இன்வெர்ட்டர். தேட வேண்டியது பேட்டரிக்கு இடம்.

பக்கத்தில் என்றால் ஒரே பெட்டிக்குள்ளா என்று கேட்டேன். ஆசிட் பேட்டரியானால் கூடவே கூடாது என்றார். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆசிட் ஆவி இன்வெர்ட்டரின் போர்டையும் அரித்துவிடும். லித்தியத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் நடுவே ஒரு தடுப்பு, பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து அரை அடிக்குள் 125 ஆம்பியர் ஃபியூஸ். “இது இன்வெர்ட்டரக் காப்பாத்த இல்ல டீச்சரே, கேபிள் உரசி ஷார்ட் ஆனா தீப்பிடிக்காம இருக்க.”

போகும்போது பல்லியைப் பற்றியும் எச்சரித்தார். இந்த ஊரில் ரிப்பேருக்கு வரும் இன்வெர்ட்டர்களைத் திறந்தால் செத்த பல்லி கிடப்பது அவருக்கு வாடிக்கை. கொசுவலை கட்டினால் ஒரே மாதத்தில் தூசி அடைத்துக் காற்று போகாது. ஸ்டீல் சல்லடை, அதுவும் அகலமாக.

ஜூன் 8, ஞாயிறு. பொன்முடி

மழை சற்று ஓய்ந்ததால் இரண்டு இடங்களையும் சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். இன்வெர்ட்டர் அளவில் அட்டைப்பெட்டி இரண்டு. அதே கனம் வருமாறு உள்ளே மட்டை அரிசி. ஒன்றைப் பின்பக்கக் கட்டிலடி இடத்தில் வைத்தோம், இன்னொன்றை டிரைவர் சீட்டின் பின்னால். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர்.

கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவுக்குள் பின்பெட்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடிவிட்டது. பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் பகுதிதான் எப்போதும் அதிகம் ஆடும், குதிக்கும். முன்பெட்டி கொஞ்சம் நகர்ந்ததோடு சரி. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியை இந்த ரோட்டில் நினைத்துப் பார்த்தேன்: ஆசிட்டோடு ஐம்பது கிலோவுக்கு மேல், மூடித் துளை வழியே ததும்பும் திரவம், ஒரு சடன் பிரேக். வேண்டவே வேண்டாம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பன்னிரண்டு கிலோ சொச்சம்தான். விலை கூடுதல்தான், வாதாட மாட்டேன். வெளிநாட்டுப் புத்தகங்கள் லித்தியத்தைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே என்று பக்கம் பக்கமாகப் பயமுறுத்தும். பொன்முடியின் உச்சியிலும் தண்ணீர் உறையாது. நம் கவலை உஷ்ணம்.

உஷ்ணத்தில் என் இடம் தோற்றது. மேலே போய்ச் சேரும்போது சீட்டின் பின்னால் 38 டிகிரி, பின்னால் கட்டிலடியில் 31. இன்ஜின் சூடு கேபினுக்குள் கசிகிறது. வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெற்றிக் களை.

தேநீர் குடித்தபடி யோசித்தோம். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் மாதிரி 25 டிகிரியில் 1000 வாட், 40 டிகிரியில் 850 வாட் தருமாம். மிக்ஸிக்கு 750 போதும். தவிர, ஓடும் வண்டியில் யாரும் சட்னி அரைப்பதில்லை. நிறுத்திய ஒரு மணி நேரத்தில் அந்த இடம் சாதாரணச் சூட்டுக்கு இறங்கியதையும் பார்த்தோம். பின்பக்கம் இப்போது குளிர்ச்சிதான். நாளைக்கு அங்கே மெத்தை, கம்பளி, பை எல்லாம் அடைந்து காற்றுப்பாதையை மூடும். முழு லோடில் நூறு வாட் சூட்டை வெளியே தள்ளும் பெட்டியைப் பஞ்சுக்குள் புதைப்பதா? போதாததற்கு அதன் விசிறி இரவில் தலைமாட்டில் இரையும். அவர் மறுக்கவில்லை, பக்கோடாவைப் பிட்டார்.

ஜூன் 12, வியாழன்

மற்ற இடங்களையும் முறையாகக் கழித்தோம். கூரையோரப் பரண்: வெயிலில் தகரக் கூரையடியில் வெந்துவிடும். வண்டிக்கு அடியில், வெளியே: இந்த ஊர் மழையில் தண்ணீர் தேங்கும் தம்பானூர்ப் பக்கம் ஒரு முறை போய் வந்தால் போதும். சமையல் மேடைக்குள்: அங்கே கேஸ் சிலிண்டர். எல்.பி.ஜி. காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதன் பக்கத்தில் ரிலேயும் விசிறியும் உள்ள பெட்டியை வைப்பவருக்குப் புத்தி சொல்ல வேறு ஆள் வேண்டும்.

தரைத் துளைகளைப் பற்றி இன்று நெடுநேரம் பேசினோம். 2024 டிசம்பரில் வடகரை கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கார்பன் மோனாக்சைடு தளத்திலிருந்த துளை வழியாக உள்ளே வந்ததாகக் கோழிக்கோடு என்.ஐ.டி. குழு கண்டறிந்தது. மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலிருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

நம் சினிமாக்காரர்களின் கேரவன்களும் ஜெனரேட்டர் இரைச்சலோடுதான் நிற்கின்றன. கேரள அரசு 2021-இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தது, 2022-இல் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க் வந்தது. பார்க்கில் நிறுத்தினால் கரன்ட் இணைப்பு உண்டு, ஜெனரேட்டர் தேவையில்லை. தனியாக ஒதுங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு மாற்று பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான். அதற்காக நாமே தரையில் கேபிளுக்கென்று நாலு ஓட்டை போட்டு அடைக்காமல் விட்டால், நம் டீசல் இன்ஜினின் புகைக்கும் பக்கத்து வண்டி ஜெனரேட்டரின் புகைக்கும் அதே வழிதான். முன்பக்கம் வைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது: ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜ் கேபிள் குட்டை, ஒரே துளை, ரப்பர் கிளாண்ட் போட்டு அடைப்பது. கூரை சோலார் ஒயர் மெல்லியது, கூரையோரமாகவே வந்துவிடும்.

ஜூன் 18, புதன்

பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் 14-ஆம் தேதி இரவிலிருந்து நம் விமான நிலையத்தில் மழையில் நிற்கிறது. ஆட்டோக்காரர்கள் வரை அதற்கு ரிப்பேர் யோசனை வைத்திருக்கிறார்கள். களியக்காவிளைத் தம்பிக்கும் ஒன்று உண்டு. இங்கே எழுதப் போவதில்லை.

வரைபடம் முடிந்தது. கதவு இடப்பக்கம் என்பதால் சாரல் அடிப்பதும் ஈரக்கால் வைப்பதும் அங்கே. டிரைவர் முதுகு வலப்பக்கம், உலர்ந்த இடம். தரையில் பேட்டரிப் பெட்டி, சேஸிக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு. அதன்மேல் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் செங்குத்தான பலகையில் இன்வெர்ட்டர், கேபிள் முனை கீழ்நோக்கி, சுற்றிலும் நான்கு விரற்கடை இடைவெளி. 35 ஸ்கொயர் எம்.எம். கேபிள் ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர். லக் எல்லாம் ஈயம் பூசியது, ஹைட்ராலிக் கிரிம்ப்பிங். உப்புக்காற்றில் சுத்தியலால் தட்டிய லக் ஒரு வருஷம் தாங்காது. பார்க்கில் நிறுத்தும்போது வெளிக் கரன்ட் எடுக்கத் தனி சாக்கெட். அதுவும் இன்வெர்ட்டரும் ஒருபோதும் சந்திக்காதபடி இரண்டு துருவ சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. உண்டு, ஆனால் நியூட்ரலை ஓரிடத்தில் சேஸியோடு இணைக்காவிட்டால் அது இருந்தும் விழாது. எல்லா இன்வெர்ட்டரும் அந்த இணைப்பைத் தாங்காது என்பதால் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் தம்பி கை வைப்பார்.

கட்டிலடி வீட்டுக்காரருக்கு. மடக்கு நாற்காலியும் தூண்டிலும் வைத்துக்கொள்ளட்டும்.

வண்டி கட்ட நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்வெர்ட்டரில் எந்த பிராண்ட், எத்தனை வாட் என்பதை அப்புறம் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை முதலில் வாங்கி, தூங்கும் இடத்துக்கு அருகே பொருத்திவிடுங்கள்.