கடல் உப்பும் காற்று யந்திரமும்

சிட்னி நகரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தைக் கொண்டே தொடங்குவர். அதில் வியப்பேதும் இல்லை. 1932 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற இரும்பு வளைவுப் பாலமும், 1973 இல் திறக்கப்பெற்று, பாய் விரித்த ஓடங்களைப் போல நீரோரத்திலே நிற்கும் இசை நாடக மண்டபமும், இவற்றினிடையே ஓயாது சென்று மீளும் பயணிகள் படகுகளும் எவர் கண்ணையும் கவரத்தக்கவை. அவற்றின் படங்களை வாசகர்கள் பலமுறை பார்த்திருப்பர். ஆதலின் அக்காட்சிகளை இங்கு விரிக்காது, அந்நகரத்தில் நான் கேட்ட இரண்டு ஓசைகளைப் பற்றியே கூற விரும்புகின்றேன். ஒன்று கடலின் ஓசை. மற்றையது ஒரு சிறுமியின் வீட்டிலே காலையும் மாலையும் இரைந்த யந்திரத்தின் ஓசை. இவ்விரண்டிற்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை அங்கு சென்ற பின்னரே அறிந்தேன்.

அலைமேல் ஏறுவோர்

நகரத்தின் கிழக்கே பொண்டாய், கூஜி முதலிய கடற்கரைகள் உள்ளன. பசுபிக் சமுத்திரத்தின் அலைகள் அங்கே தடையின்றி வந்து மோதுகின்றன. பொழுது விடியுமுன்னரே இளைஞரும் யுவதிகளும் நீண்ட பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீரில் இறங்குவர். அலை உயரும்போது அப்பலகையின் மீது எழுந்து நின்று கரைவரை சறுக்கி வருவர். அலை உடையும் இடத்திலே நுண்ணிய உப்புத் திவலைகள் புகைபோல எழுந்து காற்றிலே பரவும். அக்காற்றைச் சுவாசித்துக்கொண்டே அவர்கள் மணிக்கணக்காக விளையாடுவர்.

இவ்விளையாட்டு வைத்திய உலகத்துக்கும் ஒரு பாடத்தைக் கற்பித்தது. சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பது பிறவியிலேயே வரும் ஒரு நோய். பெற்றோர் இருவரும் பழுதுற்ற மரபணு ஒன்றைத் தாமறியாமலே சுமந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு இந்நோய் வரும் வாய்ப்புண்டு. ஐரோப்பிய வழித்தோன்றல்களிடையே இது அதிகம். அவுஸ்திரேலியாவில் ஏறக்குறைய 2,500 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணிக்கின்றனர். நம்மவரிடையே குறைவாயினும் இல்லாமலில்லை. உடலின் உயிரணுக்கள் உப்பையும் நீரையும் ஒழுங்காகக் கடத்த இயலாமையால், சுவாசக் குழாய்களின் ஈரப்படலம் வற்றிச் சளி பிசின்போலத் தடிக்கின்றது. அதிலே கிருமிகள் குடியேறிச் சுவாசப்பையைச் சிறிது சிறிதாக அழிக்கின்றன. வியர்வையோ மிகுந்த உப்பாயிருக்கும்.

அலைமேல் ஏறி விளையாடும் இந்நோயாளர் சிலர் ஏனையோரிலும் நன்றாகச் சுவாசிப்பதைச் சிட்னி வைத்தியர்கள் கவனித்தனர். கடற்காற்றின் உப்பு, சளியைச் சூழ்ந்த பகுதிக்கு நீரை இழுத்து வருகின்றதோ என்று ஐயுற்றனர். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் அவை நீர் விடுவதை நம் வீட்டுச் சமையலறையிலே யாவரும் கண்டிருப்போம். அதே இயல்புதான் இது. றோயல் பிறின்ஸ் அல்பிரட் வைத்தியசாலையைச் சேர்ந்த மார்க் எல்கின்ஸ், பீற்றர் பை ஆகியோரும் அவர்தம் துணைவரும் 164 நோயாளரைக் கொண்டு 48 வாரங்கள் ஓர் ஆய்வை நடத்தினர். ஒரு சாரார் நாளுக்கு இருமுறை 7 சதவீத உப்புநீரை ஆவியாக்கிச் சுவாசித்தனர், மறுசாரார் 0.9 சதவீத உப்புநீரைச் சுவாசித்தனர். கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதமே என்பதால், முதற் பிரிவினர் சுவாசித்தது கடலினும் இருமடங்கு உப்பாகும். நோய் முற்றித் துன்புறுத்தும் தடவைகள் அவர்களிடத்தே 56 சதவீதம் குறைந்தன. 2006 ஆம் ஆண்டிலே வெளியான அவ்வாய்வுக்குப் பின்னர் எளிய உப்புநீர் பல நாடுகளிலும் மருந்தாயிற்று.

ஆனால் எல்லோரும் கடலோரத்திலே வாழ்பவர் அல்லர். கடலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமாயின் யந்திரம் வேண்டும். யந்திரம் வந்தால் கூடவே அதன் இரைச்சலும் வந்துவிடும்.

சுவருக்கு அப்பால்

மத்திய நிலையத்திலே மின்சார ரயிலேறி மேற்கே சென்றால் பரமற்றா, வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று நிலையங்கள் வரிசையாக வரும். இவை நம்மவர் பலர் வாழும் இடங்கள். மரக்கறிக் கடைகளில் முருங்கைக்காயும் பிட்டு மாவும் கிடைக்கும்; மேஸ் ஹில்லிலே முருகன் கோயில் உண்டு. என் தங்கையின் குடும்பமும் வென்ட்வேர்த்வில்லிலே ஓர் இரட்டை வீட்டின் ஒரு பாதியிலே குடியிருந்தது. நடுச்சுவர் இரு வீட்டாருக்கும் பொது. மறுபாதியில் அயர்லாந்து வழிவந்த ஒரு குடும்பத்தினர் வாழ்ந்தனர்.

நான் சென்றது ஜூலை மாதம். அங்கே அது குளிர்காலம். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு, இருள் கலையுமுன், சுவருக்கு அப்பாலிருந்து "கிர்ர்" என்னும் ஓசை எழுந்தது. அரைமணி நேரமாக அது ஓயவில்லை. தங்கையின் மாமியார் சுன்னாகத்திலிருந்து வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அவர் போர்வையை விலக்கி, "தம்பி, கேட்டியே? உங்கை ஒவ்வொரு நாளும் விடியக்காலமை மா அரைக்கினம். மனிசர் படுக்கிறேல்லையே?" என்றார். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதும்படி மகனையும் வற்புறுத்தியிருந்தார். மகன் எழுதத் துணிந்திருந்தார்; தங்கைதான், "முதலிலை கேட்டுப் பாப்பம் மாமி" என்று தடுத்து வைத்திருந்தாள்.

அன்று மாலை நாங்கள் மூவரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். திறந்த தாயாரின் முகத்திலே, நாங்கள் வாய் திறக்குமுன்னரே, ஓர் அச்சம் படர்ந்தது. உள்ளே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி குழாயொன்றை வாயிலே பற்றியவாறு அமர்ந்திருந்தாள். வெண்புகை அவள் கன்னங்களைச் சுற்றிச் சுருண்டது. மேசை மேலே சிறிய பெட்டியொன்று அதிர்ந்து இரைந்தது. மாமி ஒரு கணம் திகைத்து நின்று, "ஐயோ, இது எங்கடை ஆஸ்பத்திரியிலை முட்டுக்காரருக்குப் புகை பிடிக்கிற மிசின் எல்லே!" என்றார்.

அதன் பின்னர் அத்தாயார் கூறியவற்றைத் தங்கை மொழிபெயர்த்துச் சொன்னாள். சிறுமிக்கு நோயிருப்பது பிறந்த சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1981 முதல், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு இந்நோயைத் தேடுகின்றனர். 2022 ஏப்ரலிலிருந்து அவுஸ்திரேலிய அரசின் உதவியுடன் கிடைக்கும் புதிய மாத்திரைகள் பல நோயாளரின் வாழ்வையே மாற்றியுள்ளன. நெபுலைசரின் தேவை குறைந்தவர்களும் உளர். ஆயினும் மரபணுப் பழுதின் வகை பல. அம்மாத்திரைகளால் பயன்பெறாத சிறு தொகையினருள் இச்சிறுமியும் ஒருத்தி. அவளுக்கு யந்திரமே துணை. முதலில் சுவாசக் குழாயை விரிக்கும் மருந்து, பின்னர் உப்புநீர், அதன் பின்னர் சளியை வெளியேற்ற ஊதும் பயிற்சி. இவ்வாறு காலையும் மாலையும்.

முன்பு குடியிருந்த மாடி வீட்டிலே அயலவர் எவரோ கதவிடுக்கிலே கோபச் சீட்டுகளைச் செருகிச் சென்றனராம். அஞ்சிய பெற்றோர் காலைச் சிகிச்சையைச் சுருக்கினர். சில நாட்கள் விட்டும்விட்டனர். அக்குளிர்காலத்தில் சிறுமி இரண்டு வாரம் வைத்தியசாலையிலே நரம்பு வழியாக மருந்தேற்றப்பட்டுக் கிடந்தாள். "இங்கும் அவ்வாறே கேட்க வந்தீர்களோ என்று பயந்தேன்" என்று கூறி அத்தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்நோயாளரிடையே கிருமிகள் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றக் கூடுமாதலால், அதே நோயுள்ள வேறு பிள்ளையுடன் அவள் கூடி விளையாடவும் இயலாது. அவளுக்கு அயல்வீடும் பாடசாலையுமே உலகம். அயல்வீட்டார் முகஞ்சுளித்தால் அவ்வுலகத்திலே பாதி போய்விடும்.

கடிதத்தைப் பற்றி மாமி அதன் பின்னர் வாய் திறக்கவில்லை.

இரைச்சலை அடக்கும் வழிகள்

அந்த வாரத்திலே வெஸ்ட்மீட் சிறுவர் வைத்தியசாலைக்கு அவர்கள் செல்ல வேண்டியிருந்தது. அங்குள்ள இயன்மருத்துவரிடம் ஓசையைப் பற்றியும் கேட்டு வந்தனர். அவர்கள் அறிந்து வந்தவற்றை, நம் நாட்டிலே முட்டு நோயுள்ள பிள்ளைகளுக்காக வீட்டில் நெபுலைசர் வைத்திருப்போருக்கும் உதவுமென்பதால் இங்கு குறிக்கின்றேன்.

பெட்டிக்குள்ளே இருப்பது காற்றை அமுக்கும் ஒரு சிறு பம்பி. அது வேகமாகத் தள்ளும் காற்று நுண்துளை வழியே பாய்ந்து, மருந்து நீரை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேற்படாத துளிகளாகச் சிதறடிக்கின்றது. அத்துணை நுண்மையான துளிகளே சுவாசப்பையின் ஆழத்தை அடையும். ஆகவே இரைச்சலை முற்றாக ஒழிக்க இயலாது, குறைக்க இயலும்.

பெட்டியை உள்ளீடற்ற மரமேசையில் வைத்தால், மத்தளத்திலே தட்டினாற்போல மேசையும் சேர்ந்து முழங்கும். தடித்த றப்பர் விரிப்பின் மீது, பொதுச் சுவரை விட்டு விலக்கி வைத்தல் வேண்டும். பெட்டியைத் துணியால் மூடுதல் கூடாது. காற்றுப் புகாது அது சூடேறிப் பழுதடையும். காற்று வடிகட்டியிலே தூசி அடைந்தாலும் பம்பி தேய்ந்தாலும் ஓசையும் மாறும், மருந்தும் சரியாகச் சேராது. ஆதலால் புதிதாக எழும் இரைச்சலை அலட்சியம் செய்யலாகாது. குழாயை நீளமாக்க விரும்பினால் வைத்தியசாலையில் கேட்டே செய்தல் வேண்டும். சிகிச்சையைச் சுருக்குவதோ நிறுத்துவதோ வைத்தியர் சொல்லின்றி ஆகாது.

அதிரும் வலைத்தகட்டினால் இயங்கும் சிறு கருவிகளும் உண்டு. அவை ஏறத்தாழ ஓசையற்றவை, கைப்பையிலே அடங்குபவை. எனினும் விலை அதிகம். வலையின் துளைகள் அடைபடாது காப்பதும் எளிதன்று. எல்லா மருந்துக்கும் எல்லாக் கருவியும் ஏற்றதன்று. எக்கருவியாயினும் ஒவ்வொரு முறையும் கழுவி, கிருமி நீக்கி, உலர வைத்தல் இன்றியமையாதது.

அவ்வீட்டாரும் பெட்டியைப் பின்புறத்துச் சலவை அறைக்கு மாற்றினர். வடிகட்டியை மாற்றியதும் ஓசை வெகுவாகத் தணிந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன், தங்கையின் சிகிச்சை நேரத்தைத் தன் குளியலுக்கும் காலை உணவுக்கும் ஒதுக்கிக்கொண்டான். சிறுமிக்குப் படக்கதை பார்க்கையிலே குரல் கேட்கவில்லை என்பது ஒரு குறை. திரையின் கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்க்கப் பழகினாள். அதனால் வாசிப்பு விரைவுற்றது என்று தாயார் பெருமிதத்துடன் கூறினார்.

மாமியோ ஆறு மணியைத் தம் தேவாரப் பாராயண நேரமாக்கிக்கொண்டார். "அவள் அங்கை மூச்சு விடட்டும், நான் இங்கை பாடுறன்" என்பது அவர் வாக்கு. சுவருக்கு அப்பால் அதைக் கேட்ட சிறுமி, பாட்டி ஏன் நாள்தோறும் பாடுகிறார் என்று விசாரித்தாளாம். அவளுக்கும் ஓர் ஓசை கிடைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை யந்திரம் ஒலிக்கவில்லை. மாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை. பிள்ளைக்கு ஏதுமோ, ஒருக்காப் போய்ப் பாரன்" என்று தங்கையைத் துரத்தினார். விசாரித்தபோது, அவர்கள் அந்த ஓசையற்ற சிறு கருவியை எடுத்துக்கொண்டு கூஜிக் கடற்கரைக்கு அண்மையிலுள்ள உறவினர் வீட்டுக்கு முதல்நாளே சென்றிருந்தமை தெரியவந்தது. ஒரு மாதத்துக்கு முன் எந்த ஓசையால் அவர் உறக்கம் கலைந்ததோ, அந்த ஓசை இல்லாமையால் அன்று கலைந்தது.

நகர வாழ்விலே சுவர்கள் மெலிந்து வருகின்றன. கொழும்பிலும் மாடி வீடுகள் பெருகிவிட்டன. யாழ்ப்பாணத்திலும் வேலிகள் குறுகுகின்றன. அயல்வீட்டிலிருந்து எழும் ஓசைகளுள் வீண் ஆரவாரமும் உண்டு. ஓர் உயிரைத் தாங்கி நிற்கும் ஓசையும் உண்டு. எது எதுவென அறிய, கடிதம் எழுதுவதற்கு முன் கதவைத் தட்டுவதே நல்வழி. நோயாளர் வீட்டாரும் குடிபுகுந்த முதல் வாரத்திலேயே அயலவருக்கு இன்ன நேரத்தில் இன்ன காரணத்தால் இரைச்சல் எழுமென்று சொல்லிவைத்தல் நன்று. காரணம் அறிந்த ஓசை பாதி ஓசைதான்.

சிட்னிக்குச் செல்லும் அன்பர்கள் பாலத்தையும் மண்டபத்தையும் கண்டு களிக்கட்டும். நேரமிருப்பின் அதிகாலையிலே கூஜிக் கரையில் நின்று அந்த உப்புக் காற்றை ஆழ்ந்து சுவாசித்துப் பார்க்கட்டும். தடையின்றி உள்ளே சென்று மீளும் அந்த ஒரு மூச்சுக்காக அந்நகரத்திலே எத்தனை வீடுகளில் யந்திரங்கள் விழித்தெழுகின்றன என்பதை அப்போது நினைத்துக்கொள்வார்களாக.