தொடாமல் தடுக்கும் கை

எங்கள் தாத்தா தூண்டில் வீசுவதில் வல்லவர். சர்க்கரை நோயால் அவருடைய கட்டைவிரல் மரத்துப் போயிற்று. வீசிய ஈயக்குண்டைவிட ரீலின் உருளை வேகமாகச் சுழன்றால் தங்கூசி சிக்கிக் குருவிக்கூடாகிவிடும்; அதைத் தடுப்பது கட்டைவிரல்தான். பலமுறை சிக்கெடுத்துச் சலித்தவர், தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டார்.

விடுமுறைக்குப் பாரிசிலிருந்து வந்த சித்தப்பா, காந்தத் தடையுள்ள ரீல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே, சித்தப்பா?" என்றேன்.

"இழுக்காதும்மா. ஆனால் காந்தத்தின் அருகே அலுமினிய உருளை சுழன்றால் அதனுள் சுழல் மின்னோட்டம் உண்டாகும்; அது சுழற்சியை எதிர்க்கும். வேகம் மிகுந்தால் தடையும் மிகும், தணிந்தால் தணியும். ஒன்றையொன்று தொடாததால் தேய்மானமும் இல்லை" என்றார். 1855-இல் இதனைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோவின் பெயராலேயே பிரெஞ்சு மொழியில் இம்மின்னோட்டம் வழங்குகிறதாம்.

மறுநாள் விடியலில், கடற்கரைச் சாலையை ஒட்டிய பாறைகளருகே நின்று தாத்தா வீசினார். சிக்கவில்லை! குண்டு நீரைத் தொட்ட கணத்தில் மட்டும் உருளையை நிறுத்த ஒரு விரல் வேண்டியிருந்தது. அதை நான் கொடுத்தேன். மீன் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் தாத்தாவின் முகத்தில் நெடுநாள் காணாத சிரிப்பைக் கண்டேன்.

வேண்டிய அளவே தாங்கி, வேண்டாதபோது விலகி நிற்பதே நல்லுதவி என்பதை அன்று அறிந்துகொண்டேன்.