அமுது படைக்கும் மயிலை

திருஞானசம்பந்தர் மயிலையில் அருளிய பூம்பாவைப் பதிகத்தைப் பாராயணம் செய்யும் அன்பர்கள், அதில் வரும் திருவிழாக்களின் வரிசையை நன்கு அறிவர். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அது தொடரும். அரவு தீண்டி மாண்டு, சாம்பலும் எலும்புமாகக் குடத்தில் இருந்த சிவநேசரின் மகளை அழைத்து, இவற்றையெல்லாம் காணாமலே போவாயோ என்று சம்பந்தப் பெருமான் கேட்கிறார். இந்த விழாக்கள் அனைத்துக்கும் முன்பாக, முதற்பாட்டிலேயே அவர் எடுத்துச் சொல்வது அடியார்களுக்கு அமுது செய்விக்கும் காட்சியை. 'அட்டிட்டல்' என்பது அவர் ஆண்ட சொல். அடுதல் என்றால் சமைத்தல். இடுதல் என்றால் பரிமாறுதல். பின்னர் தைப்பூசப் பாட்டிலும் நெய் கலந்த சோற்றை அவர் மறக்கவில்லை.

ஆகவே, மயிலைக்கு வரும் அடியார் ஒருவர் 'இங்கே எங்கு உண்பது?' என்று கேட்டால், அதைக் கோயிலுக்குப் புறம்பான கேள்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. விடையைக் கோயிலுக்கு உள்ளிருந்தே தொடங்கலாம்.

தமிழகத் திருக்கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002-ஆம் ஆண்டு தொடங்கியது. கபாலீசுவரர் திருக்கோயிலிலும் நண்பகலில் இலை போட்டு உணவு பரிமாறப்படுகிறது. காலையில் தரிசனம் முடித்து, நடை சாத்தும் நேரம் வரை பிராகாரத்தில் அமர்ந்திருக்கும் முதியவர்கள் பலர், பந்தியில் அமரக் கூசி வெளியே போய்விடுகின்றனர். 'அது ஏழைகளுக்கானது; நாம் போய் உட்கார்ந்தால் ஒருவருடைய வயிற்றில் அடித்ததாகும்' என்பது அவர்கள் சொல்லும் காரணம். நல்ல எண்ணந்தான், ஆயினும் முழுவதும் சரியன்று. அன்னதான நிதிக்கு இயன்றதைச் செலுத்திவிட்டு, அதே பந்தியில் மற்றவரோடு அமர்ந்து ஒரு கவளம் உண்பதில் எவருடைய பங்கும் குறைந்துவிடாது. கொடுப்பதற்கு மட்டும் கோயிலுக்கு வருவேன், பெறுவதற்கு வர மாட்டேன் என்பதிலும் ஒரு செருக்கு ஒளிந்திருக்கிறது. அந்தக் கோயிலிலேயே வாயிலார் நாயனாருக்குச் சந்நிதி உண்டு. மயிலையில் தோன்றிய அவர் புறத்தே எதையும் சமைத்துப் படைத்தவர் அல்லர்; மனத்துக்குள் கோயில் கட்டி, அன்பையே இறைவனுக்கு அமுதாக வைத்தவர். பந்திக்குப் போகும் வழியில் அவரை வணங்கிவிட்டுப் போனால் கூச்சம் தானே விலகும்.

கோயிலை விட்டு மாடவீதிகளுக்கு வந்தால், அடுப்புப் புகை வேறு வேறு மணத்தோடு வரவேற்கும். கிழக்கு மாடவீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது. பெயரே அம்பிகையின் பெயர். அடை, அவியல், கீரை வடை என்று வீட்டுச் சமையலறையில் கிடைப்பவையே அங்கும் கிடைக்கும். பக்கத்திலுள்ள பொன்னம்பல வாத்தியார் தெருவில் 'ஜன்னல் கடை'. அதற்குப் பலகை வேண்டியதில்லை. ஒரு வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே கை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டு, தெருவில் நின்றபடியே பொங்கலும் பஜ்ஜியும் உண்ண வேண்டும். சுவையில் குறை சொல்ல முடியாது. எனினும் முழங்கால் வலி உள்ளவர்கள் உடன் ஒருவரை அழைத்துச் சென்று, பொட்டலமாகக் கட்டி வாங்கி வருவதே உத்தமம். பிச்சுப்பிள்ளைத் தெருவிலுள்ள மாமி டிபன் ஸ்டாலுக்கும் இதே யோசனை பொருந்தும். அருண்டேல் தெருவில் ஒரு குறுகிய சந்தினுள்ளே இருக்கும் ராயர் மெஸ்ஸுக்கு, இட்லியையும் கெட்டிச் சட்னியையும் நாடி மூன்று தலைமுறையினர் வந்துகொண்டிருக்கின்றனர். இடம் சிறியது; ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி அமரலாம். விடிந்ததும் போய்விட வேண்டும். பொழுது ஏறினால் வெறும் பாத்திரத்தைத்தான் பார்க்கலாம்.

காளத்தி கடையைச் சொல்லாமல் விட்டால் மயிலைவாசிகள் மன்னிக்க மாட்டார்கள். செய்தித்தாள் விற்கும் சிறு கடை. புகழ் என்னவோ ரோஸ் மில்க்கினால் வந்தது. நீரிழிவு உள்ளவர்கள் பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் பார்க்க முனைபவர்களுக்காகவே, மருந்துச் சரக்குக்கும் லேகியத்துக்கும் பெயர்பெற்ற டப்பா செட்டி கடையையும் இறைவன் இவ்வூரிலேயே வைத்திருக்கிறான்.

இந்தக் கடைகளைப் பற்றி இனிமையாகப் பேசும்போது, இனிமையில்லாத ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வெளியில் உண்பது என்பதே நம் பாட்டனார் காலத்தில் ஆசாரக் குறைவாகக் கருதப்பட்டது. யாத்திரை செல்வோர் சத்திரத்தில் தங்கினர். அல்லது கட்டுச்சோறு கொண்டு சென்றனர். நகரத்தில் உத்தியோகம் பெருகி, தனியே வந்து தங்கியவர்களின் எண்ணிக்கையும் பெருகியபோது உணவு விடுதிகள் எழுந்தன. அவற்றுள் பலவற்றின் வாயிலில் 'பிராமணாள்' என்ற பலகை தொங்கியது. சமைப்பவர் யார் என்பதை அறிவிப்பதற்காகவே அந்தப் பலகை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால், உள்ளே யார் எங்கே அமரலாம் என்ற பாகுபாடும் பல இடங்களில் இருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் தனித்தனிப் பகுதிகள் இருந்து, 1941-இல் நீக்கப்பட்டன. உணவு விடுதிகளில் எவரையும் சாதி, சமயம் காரணமாகத் தடுக்கலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதித்தது. அதன் பிறகும் பலகைகள் உடனே இறங்கிவிடவில்லை. மயிலைக்கு அருகிலுள்ள திருவல்லிக்கேணியில் முரளி கஃபே என்ற விடுதியின் முன் 1957-இல் பெரியார் தலைமையில் மறியல் தொடங்கிப் பல மாதங்கள் நீடித்தது. இறுதியில் அந்தப் பலகை அகற்றப்பட்டது. மறியல் செய்தவர்கள் இறை மறுப்பாளர்கள் என்பதால் பக்தர்கள் பலருக்கு அன்று மனக்கசப்பு இருந்திருக்கும். ஆனால், பசித்து வந்தவனை வாசலிலேயே தரம் பிரிப்பதை அடியார் மரபு எந்நாளும் ஏற்றதில்லை. இளையான்குடி மாற நாயனார், நள்ளிரவில் மழையில் நனைந்து வந்தவரைக் குலம் கேட்டா உள்ளே அழைத்தார்?

வேறு வகையிலும் இந்த விடுதிகளின் வேர் கோயிலில்தான் இருக்கிறது. உடுப்பி கிருஷ்ணன் சந்நிதியில் எட்டு மடங்களும் முறை வைத்து, இரண்டிரண்டு ஆண்டுகள் பூஜை செய்கின்றன. வருபவர்க்கெல்லாம் அங்கே அன்னம் உண்டு. அவ்வட்டாரத்தில் வளர்ந்த சமையல் மரபே 'உடுப்பி ஹோட்டல்' என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. சென்னையில் அதற்குப் பெருமை சேர்த்தவர், உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து எளிய வேலைகளில் தொடங்கி உயர்ந்த கே. கிருஷ்ண ராவ். ராயப்பேட்டையில் அவர் தொடங்கிய உட்லண்ட்ஸுக்குப் பிறகு, மயிலாப்பூரில் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் 1952-இல் எழுந்தது. திருமணங்களும் சதாபிஷேகங்களும் அங்கே எத்தனையோ நடந்தேறியுள்ளன. கதீட்ரல் சாலையில் 1962-இல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், மரநிழலில் காரில் அமர்ந்தபடியே தோசை உண்ணும் புதுமையை நகரத்துக்குக் காட்டியது. 2008-இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. ஒரு குவளை காப்பியோடு காலை முழுவதும் அமர்ந்திருந்தாலும் எழுந்து போகச் சொல்லாத இடம் என்று அன்றைய வாடிக்கையாளர்கள் இன்னும் ஏக்கத்தோடு சொல்கின்றனர். இப்போதைய விடுதிகளில், இலையில் கடைசி வாய் இருக்கும்போதே பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதியவர்கள் நிதானமாக மென்று உண்ண வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது.

தியாகராய நகர், மயிலையின் பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவாக்கப்பட்ட பகுதி. பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று ஏரியின் சுவடு இல்லை. மக்கள் வெள்ளந்தான் உண்டு. வெங்கடநாராயணா சாலையிலுள்ள திருமலை திருப்பதி தேவஸ்தானக் கோயிலுக்கும், பேருந்து நிலையத்தை ஒட்டிய சிவா விஷ்ணு ஆலயத்துக்கும் செல்பவர்கள், புடவைக் கடைக் கூட்டம் திரளும் முன்னர், காலையிலேயே தரிசனமும் சிற்றுண்டியும் முடித்துக்கொள்வது நலம். பாண்டி பஜாரில் கீதா கஃபே, ஜி.என். செட்டி சாலையில் முருகன் இட்லிக் கடை எனத் தேர்வுக்குக் குறைவில்லை. அடையாறில் காந்தி நகர் அனந்தபத்மநாப சுவாமியையும், கடற்கரையை ஒட்டிப் பெசன்ட் நகர் அஷ்டலட்சுமியையும் சேவிப்பவர்களுக்கும் சைவ உணவகங்கள் அருகிலேயே உள்ளன. இவை தூய்மையானவை, வசதியானவை. லிஃப்ட்டும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். வெங்காயமும் பூண்டும் தவிர்ப்பவர்கள் அமர்ந்தவுடனேயே கேட்டுவிட வேண்டும். சாம்பாரை ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மார்கழி வந்துவிட்டால் கணக்கே வேறு. விடியற்காலையில் திருப்பாவை ஒலிக்கும் ஆதிகேசவப் பெருமாள், மாதவப் பெருமாள் கோயில்களில் சுடச்சுடப் பொங்கல் பிரசாதம்; இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்கு நெய் வழியும் அக்காரவடிசில். பகல் திரும்பினால் சபாக்களின் கேன்டீன்கள். மியூசிக் அகாடமியிலும் நாரத கான சபையிலும் ராகம் எது என்று அறியாதவர்கள்கூட வாழை இலைக்கு வரிசையில் நிற்பார்கள். சாப்பிட வந்தவர் அப்படியே அரங்கினுள் நுழைந்து ஒரு கீர்த்தனை கேட்டால் அதுவும் நல்லதே. பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. இருக்கையும் எளிதில் கிடைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், மயிலையில் உண்பதற்கு ஒரே ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், அது பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். காலையில் பூம்பாவை உயிர்பெற்றெழும் ஐதிகம் திருக்குளக்கரையில் நடைபெறும். பிற்பகலில் கபாலீசுவரர் முன்னே செல்ல, அறுபத்துமூவரும் மாடவீதிகளில் எழுந்தருள்வர். குயவரான திருநீலகண்டர், வேடரான கண்ணப்பர், வண்ணாரான திருக்குறிப்புத்தொண்டர், தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனார், அந்தணரான சம்பந்தர், அரசரான சேரமான் எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே வீதியில் வருவார்கள். அந்த வீதியின் இருபுறமும் நீர்மோர், பானகம், சுண்டல், புளியோதரை, தயிர்ச்சாதம். கொடுப்பவர் இன்ன வீட்டார் என்றும் தெரியாது. வாங்குபவர் இன்ன ஊரார் என்றும் எவரும் கேட்பதில்லை. வணிகர்களும், குடும்பத்தினரும், இளைஞர் குழுக்களும் ஆளுக்கொரு பந்தல் போடுகிறார்கள். ஒரு பந்தலில் பானகம் மொண்டு கொடுத்த அம்மையார், கை ஓய்ந்ததும் அடுத்த பந்தலில் போய்த் தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொள்வதைக் காணலாம். மாநகராட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் அனுமதி, தூய்மை குறித்த விதிகளை வைத்திருக்கின்றன. பந்தல் அமைக்க விரும்புவோர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அன்று வரும் முதியவர்களுக்குச் சில சொற்கள். பங்குனி வெயில் பொல்லாதது. மூன்று மணிக்கு முன்பாகவே மாடவீதியில் நிழலுள்ள திண்ணையோ படிக்கட்டோ பார்த்து அமர்ந்துவிட வேண்டும். மெட்ரோ ரயில் பணியால் லஸ் முனைப் பக்கம் வழிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆட்டோவை எங்கே நிறுத்துவார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்க. மருந்து வேளை தவறக் கூடாது. உப்பும் இனிப்பும் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் நீர்மோரில் உப்பும், பானகத்தில் வெல்லமும் உண்டு என்பதை நினைவில் வைத்து அளவோடு பருகலாம். கடைசியாக, பையில் ஓர் எவர்சில்வர் தம்ளர் இருக்கட்டும். நெகிழிக் குவளைகளைத் தவிர்த்த புண்ணியம் ஒருபுறம். தம்ளரை நீட்டுபவருக்குப் பந்தல்காரர்கள் நிறையவே ஊற்றுகிறார்கள்.