முத்து என்று பெயர் வைத்தார்கள்

ரஷ்ய நாவல்கள் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெளியே பனி கொட்டும், உள்ளே கணப்பு எரியும். ஒரு பிரபு இருப்பார், அவர் வீட்டிலேயே ஒரு ஏழைப்பெண் இருப்பாள். டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே சொல்லப்போவது நாவல் இல்லை, நிஜமாக நடந்தது. கதாநாயகன் ரஷ்யாவின் மிகப்பெரிய பணக்காரர்களில் ஒருவர். கதாநாயகி அவருடைய சொத்து. சொத்து என்றால் அலங்காரத்துக்குச் சொல்வது அல்ல. சட்டப்படி, பத்திரப்படி, அவருக்குச் சொந்தமானவள்.

அவர் பெயர் நிகலாய் ஷெரெமெத்யெவ், பிறந்தது 1751-ல். அவள் பெயர் பிரஸ்கோவியா, பிறந்தது 1768-ல், யாரொஸ்லாவ் பகுதியில். அப்பா ஒரு கொல்லர், முதுகு கூனியவர். அவரும் பண்ணையடிமை, அவர் மனைவியும் பண்ணையடிமை. ஆகவே பிறந்த குழந்தையும் பண்ணையடிமை. கணக்கு அவ்வளவு சுலபம்.

இந்தப் பண்ணையடிமை முறையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் மேலே போக முடியும். அன்றைய ரஷ்யாவில் ஒரு பிரபுவின் பணபலத்தை நிலத்தின் அளவை வைத்துச் சொல்ல மாட்டார்கள். அவரிடம் எத்தனை 'ஆத்மாக்கள்' இருக்கின்றன என்று கேட்பார்கள். ஆத்மா என்றால் வரிக் கணக்கெடுப்பில் பதிவான ஆண் பண்ணையடிமை. பெண்கள் அந்த எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள். ஆத்மாக்களை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம், விற்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் செத்துப்போனவர்கள்கூட ஏட்டில் உயிரோடுதான் இருப்பார்கள். 1842-ல் கோகோல் ஒரு முழு நாவலையே இந்த ஓட்டையை வைத்து எழுதிவிட்டார். ஷெரெமெத்யெவ் குடும்பத்திடம் இப்படி லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருந்தார்கள்.

அந்த லட்சத்தில் ஒருத்திக்குக் குரல் நன்றாக இருந்தது.

மாஸ்கோவுக்கு வெளியே குஸ்கோவா என்ற இடத்தில் ஷெரெமெத்யெவ்களுக்கு ஒரு மாளிகை உண்டு. அங்கே சொந்தமாக நாடகக் கம்பெனி நடத்தினார்கள். நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஓவியர், மேடைத் தச்சர் என எல்லோரும் பண்ணையடிமைகளே. ஏழெட்டு வயதில் பிரஸ்கோவியாவைப் பெற்றோரிடமிருந்து பிரித்து மாளிகைக்குக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் கற்றுக்கொடுத்தார்கள். யாழ் போன்ற ஹார்ப் வாத்தியம் கற்றுக்கொடுத்தார்கள். 1779-ல், பத்துப் பதினோரு வயதில், முதல்முறை மேடை ஏறினாள். அடுத்த வருடமே கதாநாயகி வேஷம்.

பிரபு தன் நடிகைகளுக்கு ரத்தினங்களின் பெயர்களைச் சூட்டினார். ஒருத்திக்குக் கார்னெட், ஒருத்திக்கு டர்க்காய்ஸ். பிரஸ்கோவியாவுக்கு 'ஜெம்சுகவா', அதாவது முத்து. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நகைப்பெட்டியில் இருக்கும் கல்லுக்கும் முத்துக்கும் தங்களைப் பற்றிச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

கிரேட்ரி என்ற இசையமைப்பாளரின் 'சாம்னைட் திருமணங்கள்' என்ற ஒபராவில் எலியான் என்ற பாத்திரம்தான் அவளுக்குப் பெரும்புகழ் கொடுத்தது. எலியான், பெண் தன் மனதில் உள்ள காதலை வெளியே காட்டக்கூடாது என்ற வழக்கத்தை எதிர்ப்பவள். கவசம் பூண்டு போர்க்களத்துக்கே போகிறவள். 1787-ல் மகாராணி இரண்டாம் கேத்தரின் குஸ்கோவா வந்தபோது இந்த ஒபராவைத்தான் நடத்திக் காட்டினார்கள். பாட்டில் மயங்கிய மகாராணி தன் கையால் வைர மோதிரம் பரிசளித்தார்.

சற்று யோசித்துப் பாருங்கள். மேடையில் பெண்ணின் சுதந்திரத்துக்காகப் பாடுகிறாள் ஒருத்தி. நாட்டின் மகாராணியே கைதட்டுகிறார். திரை இறங்குகிறது. மறுநாள் காலையில் அவள் பழையபடி ஒருவரின் உடைமை. மோதிரம் கொடுக்கத் தோன்றியவருக்கு விடுதலை கொடுக்கத் தோன்றவில்லை!

சரி, காதல் எப்போது வந்தது?

அவள் பாடியதாகவே சொல்லப்படும் ஒரு நாட்டுப்பாடல் ரஷ்யாவில் உண்டு. மாலை நேரம், மாடு ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் ஒரு கிராமத்துப் பெண், எதிரே வரும் பண்ணையார், பார்த்ததும் காதல். கேட்க இனிக்கும் கதை. ஆனால் நடந்தது அப்படி இல்லை. மாடு ஓட்டும் வயதில் அவள் மாளிகைக்குள் சுரம் பாடப் பழகிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் வந்த காதலும் இல்லை. அவர் அவளைவிடப் பதினேழு வயது பெரியவர். கம்பெனியில் இருந்த வேறு பெண்களோடும் அவருக்கு உறவு இருந்தது. அன்றைய பிரபுக்கள் மத்தியில் அது ஒரு சங்கதியே இல்லை. 1788-ல் அப்பா இறந்து, சொத்து முழுவதும் நிகலாயின் கைக்கு வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள்.

ஊர் உலகத்தைக் குழப்பியது அந்த உறவு அல்ல. பண்ணையார் அடிமைப்பெண்ணை வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வருடங்கள் போயும் இவர் அவளை விட்டு விலகவில்லை. அவளை மதித்தார். பெரிய இடத்துச் சம்பந்தம் எதையும் செய்துகொள்ளவில்லை. இதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. வைப்பாட்டி என்றால் பரவாயில்லை, மனைவி என்றால் மானம் போய்விடுமாம். எந்த ஊரிலும் இந்தக் கணக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அவளுக்காகவே கட்டியதுபோல, மாஸ்கோவின் ஒஸ்தான்கினோவில் ஒரு நாடக மாளிகை எழுந்தது. இன்று டி.வி. கோபுரத்தால் உலகுக்குத் தெரிந்த அதே ஒஸ்தான்கினோதான். பெரும்பகுதி மரத்தால் ஆன மாளிகை. இயந்திரங்களை இயக்கினால் நாடகக் கொட்டகையை அப்படியே நடனக்கூடமாக மாற்றிவிடலாம். கட்டியவர்களிலும் செதுக்கியவர்களிலும் பெரும்பாலோர் பண்ணையடிமைகள். 1795-ல் அந்த அரங்கம் திறந்தது. ஆனால் இரண்டே வருடங்களில் எல்லாம் முடிந்தது. 1797-ல் போலந்தின் முன்னாள் மன்னர் ஸ்தனிஸ்லாவ் வந்தபோது அதே எலியான் வேஷத்தில் பாடினாள். அதற்குப் பிறகு அந்தக் குரலை மேடை கேட்கவில்லை. காரணம் காசநோய்.

பால் சக்கரவர்த்தி ஷெரெமெத்யெவுக்குச் சிறுவயது நண்பர். அவர் அரண்மனையில் பெரிய பதவி கொடுத்து அழைக்க, இருவரும் பீட்டர்ஸ்பர்க் போனார்கள். ஃபந்தான்கா ஆற்றங்கரையில் ஷெரெமெத்யெவ்களின் மாளிகை. காசநோய்க்காரிக்கு அந்த ஊரைப்போல் ஆகாத ஊர் இல்லை. சதுப்பு நிலத்தில் எழுப்பிய நகரம், ஈரக்காற்று, மாதக்கணக்கில் ஆறு உறைந்து கிடக்கும் குளிர்.

1798 டிசம்பர் 15-ம் தேதி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார் நிகலாய். பிரஸ்கோவியாவுக்கும் அவள் குடும்பத்துக்கும் விடுதலை. அப்போது அவளுக்கு முப்பது வயது. பாட முடிந்த வரையில் அடிமை, குரல் போன பிறகு சுதந்திரம்.

அதன் பிறகும் கல்யாணத்துக்கு மூன்று வருடம் ஆனது. இடையில் ஒரு வேடிக்கை. பிரஸ்கோவியாவின் குடும்பப் பெயர் கோவல்யோவ். கொல்லர் என்ற பொருளிலிருந்து வந்த பெயர். அதைக் கொஞ்சம் நீட்டி, இவர்கள் போலந்தின் கோவலெவ்ஸ்கி என்ற உயர்குல வம்சத்தின் வாரிசுகள் என்று ஒரு பூர்வீகக் கதை தயாரானது. கொல்லன் மகளைக் கட்டக்கூடாது, கோவலெவ்ஸ்கி வீட்டுப் பெண்ணைக் கட்டலாம். பெண் அதே பெண்தான்! ஜாதகத்தைத் திருத்தித் திருமணம் முடிப்பது நம் ஊர்த் தரகர்களின் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல போலிருக்கிறது.

1801 நவம்பர் 6, மாஸ்கோ, பொவார்ஸ்கயா தெருவில் உள்ள சிறிய தேவாலயம். கூட்டம் இல்லை, ஊர்வலம் இல்லை. மிக நெருங்கிய ஒரு சிலர் மட்டும். அவர்களில் ஒருத்தி தத்யானா ஷ்லிகவா. பிரஸ்கோவியாவோடு வளர்ந்த நடனக்காரி, கார்னெட் என்று பெயர் வைத்தார்களே, அவளேதான். ஐரோப்பாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவருக்குத் திருட்டுக் கல்யாணம்! ஆணையிட ஆயிரமாயிரம் பேர் இருந்தும், தன் மனைவியை மனைவி என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

1803 பிப்ரவரி 3-ல் மகன் த்மீத்ரி பிறந்தான். இருபது நாள் கழித்து, பிப்ரவரி 23-ல், பிரஸ்கோவியா இறந்துபோனாள். வயது 34. பிள்ளையையும் சொத்தையும் காப்பாற்ற வேண்டுமானால் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். அப்போதுதான் திருமணச் செய்தி வெளியே வந்தது. வாரிசு இல்லாதவர் என்று நம்பிச் சொத்துக்குக் காத்திருந்த உறவினர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடலாம். அலெக்சாண்டர் சக்கரவர்த்தி மகனை முறையான வாரிசாக ஏற்றுக்கொண்டார்.

பின்னாளில் மகனுக்கு எழுதிய கடிதத்தில் நிகலாய் மனம்திறந்தார். அழகைவிட அவளுடைய அறிவும், உண்மையும், இரக்கமும், விசுவாசமும்தான் தன்னைக் கட்டிப்போட்டன என்றும், குலப்பெருமையைத் தூக்கி எறிய வைத்தவை அவையே என்றும் விளக்கினார். 1809-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். மாஸ்கோவில் அவர் தொடங்கிய தர்மசத்திரம் 1810-ல் திறந்தது. நூறு ஆதரவற்றோருக்கு இருப்பிடம், ஐம்பது பேருக்கு மருத்துவமனை. ஏழைப் பெண்களின் கல்யாணச் செலவுக்கு ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் பணம் கொடுக்கவும் ஏற்பாடு. குலுக்கும் நாள் பிப்ரவரி 23, அவள் இறந்த நாள். ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டவளின் நினைவாக ஊரறியப் பல கல்யாணங்கள்! அதே வளாகத்தில் 1923-ல் தொடங்கிய ஸ்க்லிஃபசோவ்ஸ்கி அவசர சிகிச்சை நிலையம் இன்றும் பிரபலம்.

இத்தோடு நிறுத்தினால் கண்கலங்க வைக்கும் காதல் கதை. ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும் இல்லையா? வரவு மட்டும் எழுதி ஏட்டை மூட முடியாது.

அந்தத் தர்மசத்திரத்தை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது? ரொக்கம் தவிர ஒரு பெரிய பண்ணையையும் எழுதிவைத்தார். அதில் எட்டாயிரம் ஆத்மாக்கள். அடிமையாகப் பிறந்த மனைவியின் நினைவைக் காக்க எட்டாயிரம் அடிமைகளின் உழைப்பு! பிரஸ்கோவியாவின் புகழ்பெற்ற ஓவியங்களை வரைந்தவர் நிகலாய் அர்குனோவ். கருவுற்றிருந்த அவளைக் கோடு போட்ட அங்கியில் வரைந்தாரே, அவர். அந்தக் கோமாட்டியை வரைந்த கை ஒரு பண்ணையடிமையின் கை. பிரபு இறந்து சில வருடங்கள் கழித்தே அவருக்கு விடுதலை கிடைத்தது.

இன்னொரு தேதி. 1803 பிப்ரவரி 20. அன்று அலெக்சாண்டர் ஓர் ஆணை பிறப்பித்தார். விருப்பம் உள்ள பண்ணையார்கள் தங்கள் குடியானவர்களை நிலத்தோடு விடுவிக்கலாம் என்றது அது. பிரஸ்கோவியா இறப்பதற்கு மூன்று நாள் முன்பு! விருப்பம் எத்தனை பேருக்கு இருந்தது? அவர் ஆட்சி முடிந்த 1825 வரைக்கும் இந்த ஆணையால் விடுதலை பெற்ற ஆண்கள் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

அப்படியானால் நிகலாயின் காதல் பொய்யா? அப்படிச் சொல்லவும் மனம் வராது. பொய்க்காக ஒருவர் இத்தனை வருடம் காத்திருக்க மாட்டார். அவர் காதலித்தார். அதில் சந்தேகம் வேண்டாம். சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதையில் நமக்குக் கேட்பது பெரும்பாலும் அவர் குரல்தான். கடிதம் அவருடையது, உயில் அவருடையது, மாளிகை அவருடையது. மேடையில் இத்தனை பேரை மயக்கிய அவள் குரல், தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி என்ன சொன்னது? 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத ஒருத்தியின் 'சரி'க்கு என்ன மதிப்பு? அவளும் உண்மையாகவே காதலித்திருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கும் ஒரே வழி, விலகிப் போகும் உரிமையை முதலில் கொடுத்திருப்பது. அந்த உரிமை வந்தது 1798-ல். அதற்குள் உடம்பில் நோய் பாதியைத் தின்றுவிட்டது. போவதற்கு அவளுக்கு வேறு வீடும் இல்லை.

அந்தஸ்தை மீறிய காதல் கதைகளில் மேலே இருப்பவர் இறங்கி வருவதைத்தான் எல்லோரும் வியந்து பாராட்டுவார்கள். ஏணியை உடைக்கவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒருத்தியை மட்டும் கைபிடித்து மேலே தூக்கிவிட்டு, ஏணி அப்படியே நின்றது. இன்னும் 58 வருடம் நின்றது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-ல்தான்.

தாயில்லாத த்மீத்ரியை வளர்த்தது யார் தெரியுமா? கார்னெட் என்று பெயர் வாங்கிய அதே தத்யானா. திருமணத்துக்குச் சாட்சி, தோழியின் பிள்ளைக்கு வளர்ப்புத்தாய். தொண்ணூறு வயது வாழ்ந்து 1863-ல்தான் கண்மூடினாள். அந்த நகைப்பெட்டியிலிருந்து, பெட்டியே உடைந்ததைப் பார்த்துவிட்டுப் போனவள் அவள்.