நீலச் சட்டை

மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. ஏழு ராத்திரியும் உட்கார வைத்து மகனுக்குப் பட்டன் போடப் பழக்கினேன். பரீட்சை என்றால் நமக்கு வேறென்ன தோன்றும்?

அவனுக்கு ஆறரை வயது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். காலர் லேபிளை வெட்டி எடுத்தாலும் மிச்ச நூல் குத்துது என்பான். அதே பிள்ளை சுவரில் போய் மோதி மோதி விளையாடுவான். "அடம். ரெண்டு போடு" என்பது என் அம்மாவின் வைத்தியம். போட்டும் இருக்கிறேன்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அறையில் முதல் பரீட்சை எனக்குத்தான். சத்தம், தொடுதல், சாப்பாடு, முடிவெட்டு என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்' தொடங்கி 'ஒருபோதும் இல்லை' வரை ஐந்து கட்டம். 'எப்போதும்' டிக் பண்ணக் கை வரவில்லை. 'சில நேரம்', 'சில நேரம்' என்றே போட்டுக்கொண்டு போனேன்.

அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். பாசி கோர்க்க, வட்டம் வெட்ட, பார்க்காமல் பைக்குள் கைவிட்டுச் சாவியா காசா என்று சொல்ல. சுழல்பலகையில் உட்காரவைத்துச் சுற்றி நிறுத்தியதும் தெரபிஸ்ட் பார்த்தது அவன் கண்களை. சுற்றல் நின்ற பிறகும் கருவிழி கொஞ்ச நேரம் பக்கவாட்டில் ஓடுமாம். உள்காதின் சமநிலை உணர்வை மூளை எப்படிக் கையாள்கிறது என்பதற்கு அது ஒரு தடயம். கை கால் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்கிற புலன் ஒன்றும் உண்டு. சுவரில் மோதுவது அதைத் தேடித்தானோ என்னவோ. இதையெல்லாம் கோத்து அமெரிக்காவின் ஜீன் ஏயர்ஸ் 1972இல் புத்தகம் எழுதினார். (இதைத் தனி நோயாக ஏற்காத டாக்டர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

கடைசியில் பட்டன். வீட்டிலிருந்து போட்டு வந்த நீலச் சட்டையில் நாலையும் கடகடவென்று போட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரபிஸ்ட் ஒரு துணி ஜாக்கெட்டை நீட்டினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது அம்மா சொல்லிக்குடுத்த பட்டன் இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாள் பழக்குனீங்க?"

"ஏழு நாள், மேடம்."

"எத்தனை நாள் அழுதான்?"

"ஏழு நாளும்."

அதைக் குறித்துக்கொண்டார். பிறகு என் கேள்வித்தாளைத் திருப்பிக் கொடுத்து, மேலே ஒரு ரப்பரையும் வைத்தார்.