டென்ட் அடிக்க ஒரு இடம்

வீட்டில போய் "நாங்கள் காம்ப் அடிக்கப் போறம்" எண்டு சொல்லிப் பாருங்கோ. எங்கட அம்மாமாருக்கு அந்தச் சொல்லுக்கு ரெண்டே ரெண்டு அர்த்தம்தான். ஒண்டு ஆமிக் காம்ப், மற்றது அகதிக் காம்ப். காசு குடுத்து, பஸ் ஏறி, விரும்பிப் போய் ஒரு கூடாரத்துக்குள்ள படுக்கிறது எண்ட மூன்றாவது அர்த்தத்தை விளங்கப்படுத்த எங்களுக்கு ரெண்டு கிழமை எடுத்தது.

நாங்கள் கலைப்பீடத்தில் மூன்றாம் வருசம் படிக்கிற ஆறு பேர். நாலு பெட்டையள், ரெண்டு பெடியள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், பதுளை எண்டு ஊர்கள் வேற வேற. ஓகஸ்ட் லீவுக்கு ரெண்டு இரவு எங்கயாவது டென்ட் அடிப்பம் எண்டு கதை தொடங்கின உடன வட்ஸ்அப் குறூப்பில படங்கள் வந்து குவிஞ்சுது. எல்லாத்திலயும் ஒரு மலை விளிம்பு, கொஞ்சம் பனிமூட்டம், தனிய ஒரு செம்மஞ்சள் டென்ட். அந்தப் படங்கள் ஒண்டிலயும் கக்கூஸ் எங்க இருக்கெண்டு தெரியாது.

முதல் சண்டை ரிவர்ஸ்டனுக்கு. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலுக்குள் போன காடு. உள்ளே நினைச்ச இடத்தில டென்ட் அடிக்கேலாது, அனுமதி எடுக்கவேணும். வெளியில தனியார் காணிகளில் இடம் வாடகைக்குக் கிடைக்கும். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை ஓகஸ்ட் மாதம். தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலை இடுக்கால வாற வேகத்துக்கு எங்கட மலிவு டென்ட் பட்டமாகியிருக்கும். அதோட பதுளைக்காரி ஒரேயடியா மறுத்திட்டாள். "சரிவுக்குக் கீழ நான் படுக்கமாட்டன்." 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில லயன்களை மண் மூடினபோது அவளுக்குப் பத்து வயது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்தப் பக்கம் கதைக்கேல்ல.

ஹோர்ட்டன் சமவெளி எண்டான் ஒருத்தன். அது 2,100 மீற்றருக்கு மேல, எங்களிட்ட இருந்தது போர்வைகள் மட்டும். வில்பத்து எண்டாள் இன்னொருத்தி. தேசியப் பூங்காவுக்குள்ள வனஜீவராசிகள் திணைக்களத்தின் கூடார இடங்களை முன்கூட்டிப் பதியவேணும், ஜீப் வேணும், யானையோட வாழ மனசும் வேணும். வெளிநாட்டு வீடியோக்களில வாற மாதிரி கரவனில போவம் எண்டு ஒருத்தன் பகிடிக்குச் சொன்னான். சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுற படுக்கை வான்கள் இஞ்சயும் இருக்கு. அதின்ர ஒருநாள் வாடகை எங்கட மகாபொலவை முழுசா விழுங்கிப்போடும்.

அப்ப ஏன் வடக்கிலேயே ஒரு கடற்கரையைப் பார்க்கேல்ல எண்டு நீங்கள் கேட்பீங்கள். பார்த்தம். சுண்டிக்குளம் பக்கமும் கதைச்சம். ஆனால் நாலு பெட்டையளும் ரெண்டு பெடியளும் ராத்திரி கடற்கரையில இருந்தால், சீருடை வந்து விசாரிக்க முதலே ஊர் வந்து விசாரிக்கும். முகமாலையால பஸ்ஸில போகேக்க மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு, ஆள் நடமாட்டமில்லாத வெளி எண்டால் அழகு எண்டு உடன தோன்றாது. ஆரின்ர காணி, கடைசியா ஆர் நடந்தது எண்டுதான் முதல்ல தோன்றும்.

இலங்கையில் இடத்துக்கு முதல் மாதத்தைப் பார்க்கவேணும். வாடைக்காலத்தில், ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை, வடக்கு கிழக்குக் கரையில டென்ட் அடிக்கிறது வீண்வேலை. சோளகக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். அப்பிடித்தான் நிலாவெளிக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கம், ஒரு கடற்தொழிலாளி குடும்பத்தின்ர காணி எங்கட பட்டியலில மிஞ்சினது. போன் எடுத்தால் தமிழில பதில் சொல்லுவினம். கிணறு இருக்கு, வீட்டோட சேர்ந்த கக்கூஸ் இருக்கு, பஸ் றோட்டில இருந்து நடந்து போகலாம்.

வீடுகளின் நிபந்தனை ஒண்டுதான்: ஒரு பெரியாள் கூட வரவேணும். கிளிநொச்சித் தோழியின்ர அம்மா வாறன் எண்டா. மனசுக்குள்ள எங்களுக்குக் கொஞ்சம் சலிப்பு, மறைக்க என்ன இருக்கு. வவுனியாவில மாறி, ஹொரவப்பொத்தானையால திருகோணமலை, பிறகு இன்னொரு பஸ். போய்ச் சேரப் பின்னேரம்.

காணிக்காரர் காட்டின இடம் படத்துக்கெண்டே செய்தமாதிரி இருந்தது. நாலு தென்னை, நடுவில வெள்ளை மணல், முன்னுக்குக் கடல். நாங்கள் பாக்குகளை இறக்க, அம்மா நிமிர்ந்து குலைகளைப் பார்த்தா. "இதுக்குக் கீழயோ?" எண்டு மட்டும் கேட்டா. பிறகு செருப்பைக் கழற்றிப்போட்டு காணியைச் சுற்றி நடந்தா. ஒரு இடத்தில குதிக்காலால மண்ணைக் கிண்டினா. சருகும் குப்பையும் ஒரு கோடாய் ஒதுங்கிக் கிடந்த இடத்தைக் காட்டி, "மழை பெய்தால் தண்ணி இதுவரை நிக்கும், என்ன?" எண்டு காணிக்காரரிட்டக் கேட்டா. அவர் ஆச்சரியப்பட்டு ஓம் எண்டார்.

கடைசியில எங்கட டென்டுகள் மேட்டில, ஒரு வேம்புக்கு மேற்குப் பக்கமாய் நிண்டது. கிழக்குக் கரையில விடிஞ்ச உடன வெயில் ஏறும். மரம் கிழக்கில நிண்டால்தான் காலமை நிழல் டென்டில விழும். வாசல் கடலைப் பார்த்து, ஏனெண்டால் அந்த மாதக் கச்சான் காற்று தரைப் பக்கத்தால வரும். அடுப்பு, காற்று நெருப்புப்பொறியை டென்டுக்குக் கொண்டுவராத பக்கம். கக்கூசுக்கு எத்தினை அடி எண்டு அம்மா நடந்தே எண்ணினா. போற வழியில வேலிக்கட்டையில ஒரு லைட் கொழுவச் சொன்னா. "ராத்திரியில பெட்டையள் போய்வர ஏலாத இடம் ஒரு இடமில்ல" எண்டு சொல்லிப்போட்டு, டென்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினா. மழை வராது அம்மா, இது ஓகஸ்ட் எண்டம். "அங்கயும் ஓகஸ்டிலதான் வந்தது."

அங்க எண்டால் எங்க எண்டு கேட்கத் தேவையில்லை. 2009 இல் வவுனியாவில முள்ளுக்கம்பிக்கு உள்ள இருந்த மூன்று இலட்சத்துக்குக் கிட்டின மக்களில அவவும் ஒருத்தி. மகளுக்கு அப்ப ஐந்து வயது. இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரிச்சுக்கொண்டு கொஞ்சம் சொன்னா. இடத்தை அவை தெரியேல்ல. குடுத்த இடத்தில இருந்தது. பள்ளத்தில கிடைச்சவைக்கு ஒரு மழையில எல்லாம் போனது. கக்கூஸ் வரிசைக்குப் பயந்து பின்னேரத்துக்குப் பிறகு தண்ணி குடிக்கிறதில்லை. எங்கட தோழிக்கு வெள்ளைத் தரப்பாளின்ர வெக்கை மணம் மட்டும் நினைவாம். அவளும் இதை முதல்தரம் கேட்டமாதிரித்தான் இருந்தாள்.

அண்டைக்கு மழை பெய்யேல்ல. பாட்டுப் பாடினம், சூடை மீன் பொரிச்சம், ஒருத்தன் நுளம்புக்குப் பயந்து சொக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தான். அம்மாவுக்கெண்டு நடு டென்டில நல்ல பாய் விரிச்சு வைச்சிருந்தம். பத்து மணிபோல அவ குனிஞ்சு உள்ள பார்த்தா, சிப்பை ஒருக்கால் இழுத்துத் திறந்து மூடிப் பார்த்தா. பிறகு, "நான் அவையின்ர விறாந்தையில படுக்கிறன், நீங்கள் படுங்கோ" எண்டு பாயை எடுத்துக்கொண்டு போயிட்டா. நாங்கள் மறிக்கேல்ல.

காலமை நாங்கள் எழும்பேக்க நிழல் சரியா டென்டில விழுந்து கிடந்தது. அம்மா கிணத்தடியில நிண்டு, அடுத்த முறை தன்ர தங்கச்சி குடும்பத்தோட வந்தால் எத்தினை பேரை விடுவியள் எண்டு காணிக்காரரோட கதைச்சுக்கொண்டிருந்தா.