பேத்தி ஒட்டிய தாள்

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, போகிற அன்று எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். பூமியைக் காப்பாற்ற வீட்டில் செய்ய வேண்டியவை என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த பட்டியல். மொத்தம் 14. முதலாவது, போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பது.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தவன். நாகர்கோவிலைச் சுற்றி எத்தனை வீட்டுத் திண்ணையில் நின்று மீட்டர் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் தாளைப் பார்த்ததும் கை பழைய நோட்டைத் தேடியது. எதைச் செய்தால் எவ்வளவு மிச்சம் என்று எழுதிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

போன் மாட்டாத சார்ஜர் கால் வாட்டுகூட இழுக்காது. இரவும் பகலும் செருகியே கிடந்தாலும் இரண்டு மாதத்தில் அரை யூனிட்டைத் தொடாது. அதே டிவிக்குக் கீழே சிவப்பு விளக்கோடு சும்மா இருக்கிற செட்டாப் பெட்டி 7, 8 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போனால் இரண்டு மாதத்தில் 8, 9 யூனிட் வீண். சுவிட்சை அணைக்க ஒரு விரல் போதும். இதைத் தாளில் காணோம்.

மின்விசிறிக் கணக்குதான் என்னையே அசத்தியது. பழைய விசிறி 75 வாட். இப்போது பிஎல்டிசி என்று வருகிறதே, அது முழு வேகத்தில் ஓடினாலும் 30 வாட்டுக்குள். எங்கள் வீட்டில் கூடத்து விசிறி 12 மணி நேரம், படுக்கையறை விசிறி 8 மணி நேரம். இரண்டையும் மாற்றினால் நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்டுக்கு மேலே. விசிறி ஒன்று ஏறக்குறைய 3,000 ரூபாய். ஒருநாள் வேலை, பிறகு அதை நினைக்கவே வேண்டாம். உடனே மாற்றிவிட்டேன். (மாடியில் சோலார் போடவும் ஆசைதான். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள். ஆனால் மத்தியானத்துக்கு மேல் மேலப்பக்கத்துத் தென்னைகளின் நிழல் மாடியை விட்டு நகராது. தென்னையை வெட்டிவிட்டுச் சோலார் போடுவது என்ன நியாயம்?)

இதுவரை எல்லாம் ஜோர். அடுத்து உரத்தொட்டி. 1,800 ரூபாய் கொடுத்து இரண்டடுக்கு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். தினமும் தோலைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும், தூள் தூவ வேண்டும், கிளறிவிட வேண்டும். பதினைந்தாம் நாள் புழு நெளிந்தது. நாற்றம் அடுக்களை வரை வந்தது. நான் நோட்டில் தேதி போட்டு எடை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தாள். கம்பைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தவள் கேட்டாள்: "கணக்கு எழுதுகது நீங்க, கெடந்து மாடா உழைக்கது நானா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி நோட்டை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை யார் செய்கிறார் என்று ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டேன். எழுதி முடித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. கிளறுவது அவள். துணிப்பை துவைப்பது அவள். அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் சுமந்து செடிக்கு ஊற்றுவது அவள். வெந்நீருக்காகப் பின்முற்றத்தில் நான் ஆசையாகக் கூட்டிய கல் அடுப்பில் கொதும்பும் கதம்பையும் வைத்து ஊதுவதும் அவள்தான். சின்ன வயதில் எங்கள் அம்மா ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. அப்படியும் அந்தப் புகைக்கு முன்னால் இவளை உட்கார வைத்துவிட்டு, இயற்கை வாழ்க்கை என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மாதமாக அவளுக்கு இருந்த இருமல் எதனால் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கல் அடுப்பைக் கலைத்தேன். 2,000 வாட் கீசர் கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். முட்டுவலிக்காரிக்கு அது வேண்டும், ஓடட்டும். என் பங்கு வெந்நீரை நிறுத்திக்கொண்டேன். நம் ஊரில் மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில் குளித்தால் என்ன கெட்டுவிடும்?

உரத்தொட்டி பரணுக்குப் போனது. தோலெல்லாம் இப்போது நேரே தென்னை மூட்டுக்கு. நான்தான் கொண்டு போட்டு, இரண்டு மண்வெட்டி மண் இழுத்து மூடுகிறேன். அம்மா செய்ததும் இதையேதான், 1,800 ரூபாய் இல்லாமல். சாண எரிவாயுக்கலன் போல அடுக்களைக் கழிவிலும் எரிவாயு எடுக்க, கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தார் 'சக்தி சுரபி' என்று ஒரு கலன் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுக்கான சிறிய கலனுக்கே தினமும் ஏறத்தாழ 5 கிலோ கழிவு வேண்டும். நாங்கள் இரண்டு பேர், சக்கை வெட்டுகிற நாள் தவிர ஒரு கிலோ தேறாது. விடுதி, கல்யாண மண்டபக்காரர்கள் யோசிக்கலாம்.

பை விஷயத்தில் நம் மாவட்டத்தாருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். அதற்குக் கிட்டத்தட்டப் பத்து வருடம் முன்பே, ராஜேந்திர ரத்னூ கலெக்டராக இருந்தபோது, இங்கே கடைகளில் பிளாஸ்டிக் பை ஒழிப்பு தொடங்கிவிட்டது. உங்களுக்கும் நினைவிருக்கும். என் வீட்டுச் சிக்கல் வேறு. கல்யாண வீடுகளில் கொடுத்த துணிப்பைகள் 17 அலமாரியில் மடித்தபடியே கிடந்தன. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஒரு கணக்குப் போட்டது. பூமி சூடாவதை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான் ஒருமுறை எடுத்து எறியும் பிளாஸ்டிக் பைக்கு அது ஈடாகுமாம். மடித்து வைத்த பையால் யாருக்கு என்ன லாபம்? ஒன்றை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டேன், மீதியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மீனுக்குத் துணிப்பை கூடாது. ஒருதரம் சாளை வாங்கி வந்து அவள் மூன்று தண்ணீர் அலசியும் வாடை போகவில்லை. இப்போது மூடி போட்ட அலுமினியத் தூக்கைக் கொண்டு போகிறேன். மீன்காரம்மா பார்த்துவிட்டு, "பழைய காலம் திரும்பிட்டா சாரே?" என்றாள். அன்றைக்கு ஒரு அயிலை கூடுதலாக விழுந்தது.

கடைசியில் வீட்டில் உருப்படியாக நிலைத்தது என் நோட்டிலிருந்து வந்ததே இல்லை. பாறசாலை மயினி வீட்டுக்குப் போனபோது இவள் கண்டு வந்தது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள் வீடு வீடாகப் பரப்பிய சூடாறாப் பெட்டி. நாம் தின்கிற சம்பா அரிசி வேக எவ்வளவு நேரம் அடுப்பில் கிடக்கும் என்று தெரியுமே. பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பானையை மூடியோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்து அடைத்தால், உள்ளே இருக்கிற சூட்டிலேயே வெந்துவிடும். பெட்டிக்குள்ளே தெர்மோகோல், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்து வடித்தால் போதும். பொங்கி வழிகிறதா என்று அடுப்படியில் காவல் நிற்க வேண்டாம். சிலிண்டர் 45 நாள் வந்தது இப்போது 54, 55 வருகிறது. ஆனால் அவள் அதற்காக அதை வைத்துக்கொள்ளவில்லை. அரிசியைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள். எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள்.

போன வாரம் பேத்தி போனில் கேட்டாள்: "தாத்தா, சார்ஜரைக் கழற்றி வைக்கிறீங்களா?"

"தினமும் கழற்றுகேன் மக்களே" என்றேன். உண்மைதான், கழற்றுகிறேன். அரை யூனிட்கூட இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை. தாளும் பிரிட்ஜில்தான் இருக்கிறது. ஒரு ஓரம் ஒட்டு விட்டுப்போய் ஆடியது, நேற்று வேறு பசை வைத்து அழுத்தினேன்.